ஹைமாஸ்ட் லைட்டைக் கொஞ்சம் குனிய வைங்க: எங்க பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சித் தலைவருக்கும் வார்டு கவுன்சிலருங்க எல்லாருக்கும் வணக்கமுங்க.

குளத்துக்கரைல நிக்கற ஹைமாஸ்ட் லைட்டைப் பத்தி எழுதறேன். கழட்டச் சொல்லி வரலீங்க, அதை மொதல்லயே சொல்லிர்றேன், ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு மில்லு பஸ்ல வந்து எறங்கற புள்ளைங்களுக்கு வெளிச்சம் வேணும், பாம்பு வேற ரோட்டுலயே படுத்துக் கெடக்குது. கேக்கறது இவ்வளவுதானுங்க, தெக்கே பாத்துப் பல்ல இளிச்சுட்டு நிக்கற லைட்டுங்களை நேரா தரையப் பாக்கற மாதிரி திருப்பி உடுங்க.

ஏன் தெக்கேன்னு கேப்பீங்க. அங்கதான் சென்டாரஸ் ஏ இருக்குதுங்க. நம்ம பால்வீதிக்கு வெளிய இருக்கற இன்னொரு கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரம் சேந்த கூட்டம், தூரம் கிட்டத்தட்ட 1.2 கோடி ஒளியாண்டு (ஒளி ஒரு வருசத்துல போற தூரந்தான் ஒரு ஒளியாண்டு), அவ்வளவு தூரமான்னு சிரிக்காதீங்க, கேலக்ஸி கணக்குல அது பக்கத்து ஊருதான். 1826ல ஆஸ்திரேலியாவுல பாரமட்டாங்கற ஊர்ல இருந்து ஜேம்ஸ் டன்லப்ங்கற வானியலாளர் கண்டுபிடிச்சாரு. லண்டன்காரன் ஊர்ல இருந்துட்டு தலைகீழா நின்னாலும் அவனுக்கு இது தெரியாது, அங்க அது உதிக்கறதே இல்ல. நம்ம காங்கேயம் தாராபுரம் பக்கம் 36 டிகிரி ஒசரத்துக்கு ஏறுதுங்க, கைய நீட்டி முஷ்டி புடிச்சா மூணரை முஷ்டி. மறைக்க மலையும் கெடையாது, மாடிக் கட்டடமும் கெடையாது, மறைக்கறது நாம போட்ட லைட்டு மட்டுந்தான்.

கண்டுபிடிக்கறதும் சுலபமுங்க. ஜாதகம் பாக்கறவங்களுக்கு சித்திரை நட்சத்திரம் தெரியும், பளிச்சுன்னு வெள்ளையா இருக்கும், அது உச்சிக்கு வர்ற நேரத்துல அங்கிருந்து நேரா தெக்கே மூணு முஷ்டிக்குக் கொஞ்சம் எச்சா எறங்குனா சென்டாரஸ் ஏ. சித்திரை மாசம் பௌர்ணமில நிலா அந்த நட்சத்திரத்தை ஒட்டியே வர்றதால அன்னிக்கு வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது, அமாவாசைதான் தோது, ராத்திரி பத்து பதினோரு மணிக்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியாதுங்க, பைனாகுலர் வேணும், அதுலயும் உருண்டையா ஒரு மங்கல் தெரியும், அவ்வளவுதான். இன்னும் அரை முஷ்டி கீழ எறங்குனா ஒமேகா சென்டாரி, அது நம்ம கேலக்ஸியோட நட்சத்திரக் கொத்து, சுமாரா ஒரு கோடி நட்சத்திரம் ஒண்ணா அடைஞ்சு கெடக்குது.

அந்த மங்கலுக்கா இவ்வளவு பேச்சுன்னு தோணும். பெரிய டெலஸ்கோப்ல பாத்தா நடுவுல கருப்பா ஒரு தூசிப்பட்டை குறுக்க ஓடும், எப்பவோ இன்னொரு கேலக்ஸிய முழுங்குன மிச்சம்னு சொல்றாங்க. நடுவுல இருக்கற கருந்துளை நம்ம சூரியன் மாதிரி 5.5 கோடி மடங்கு எடை, அதுக்குப் பக்கத்துல இருந்து பீறிட்டு வர்ற துகளுங்க ரெண்டு பக்கமும் பரந்து ரேடியோ அலைல மின்னுது, வானத்துல அந்த அகலத்துக்கு 16 முழு நிலாவை ஒரே வரிசையா வைக்கலாமுங்க! வானத்துல அந்தப் பக்கம் இருந்து வந்த ரேடியோ அலை இந்தக் கேலக்ஸியோடதுதான்னு 1949ல ரேடியோ வானியலாளர் ஜான் போல்ட்டனும் கூட இருந்தவங்களும் பொருத்திச் சொன்னாங்க. நம்ம தலைக்கு மேலதான் இதெல்லாம் நடக்குது, நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்க யூட்யூப்ல பாத்துக்கிறாங்க.

இதென்ன புதுக் கெரகம்னு நெனைக்க வேண்டாம், பக்கத்துல கொல்லிமலைல டார்க் ஸ்கை பார்க், அதாவது ராத்திரி வானம் நல்லாத் தெரிய லைட்டைக் கொறைச்சு வைக்கற எடம், வரும்னு அரசாங்கமே 2023ல அறிவிச்சதுதான். நமக்குப் பார்க்கெல்லாம் வேண்டாமுங்க.

செலவும் பெருசா இல்ல. ஹைமாஸ்ட்டுல வின்ச் இருக்குதுங்க, வளையத்தைக் கீழ எறக்கி, ஸ்பேனர்ல சாய்வை மாத்திட்டு மறுபடி ஏத்திறலாம். கரைப் பூங்கால கலர் கலரா எரியற அலங்கார லைட்டை மட்டும் பத்து மணிக்கு மேல டைமர் வச்சு அணைச்சிருங்க, அந்நேரத்துக்கு அதை நாயி தவிர யாரும் பாக்கறதில்லீங்க. அடுத்த கூட்டத்துல தீர்மானத்துக்கு வைங்க. சித்திரை அமாவாசைக்கு முன்னால முடிஞ்சா பைனாகுலரோட நானே கரைக்கு வர்றேன், மொத ஆளா நீங்களே பாருங்க தலைவரே.