கையால் எண்ணியவருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

என் இரத்தக் கோளாற்றைக் கண்டறிந்து என்னைக் காத்த உங்களில் சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒருவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பரிசோதனை அறிக்கையின் ஓரத்தில் பேனாவால் எழுதிய இரண்டு வரிதான் எனக்கு அவர். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அவரவர்க்கு உரியதை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறு வயது முதலே எனக்குக் காயம் பட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. பல் பிடுங்கினால் மறுநாள் வரை கசியும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டும். எனக்கு எப்போது பார்த்தாலும் 40,000ஐ ஒட்டியே இருந்தது. உடம்பின் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களை அழிக்கிறது என்று முடிவு செய்து, ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பியதே தவிர எண்ணிக்கை அசையவில்லை. மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, "எந்த மருந்துக்கும் அசையவில்லை என்றால், இது அந்த நோய்தானா என்று முதலில் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டுத் தள்ளிப்போட்ட மருத்துவரே, முதல் நன்றி உங்களுக்கு. மண்ணீரலை எடுத்தவர்களுக்குச் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது என்று பின்னர் அறிந்தபோது, இருந்த இடத்திலிருந்தே உங்களை இன்னொரு முறை கும்பிட்டேன்.

பிறகு இடது கால் வீங்கியது. தசைப்பிடிப்பு என்று முதலில் சொல்லி அனுப்பினார்கள். தட்டணு இவ்வளவு குறைந்த உடம்பில் இரத்த உறைகட்டி எப்படி வரும் என்பது அவர்கள் கணக்கு. கோபப்பட எனக்கும் உரிமையில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் நம்பினேன். நம்பாதவள் என் தங்கை. தையல் நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தாள். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். "இதைப் பிடிப்பு என்று சொன்னவரிடம் இந்த நாடாவையும் கொண்டுபோய்க் காட்டு" என்றாள். அன்று மாலையே ஸ்கேனுக்கு இழுத்துச் சென்றாள். தங்கச்சி, உன் பிடிவாதத்தை இனி ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். (இந்த வாக்கு இந்த ஆண்டுக்கு மட்டும்.)

ஸ்கேன் எடுத்த அம்மா, கருவியைத் தொடையில் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். நல்ல சிரை என்றால் அழுத்தியதும் சப்பையாகிவிடும். உள்ளே உறைகட்டி இருந்தால் ஆகாது. என்னுடையது ஆகவில்லை. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எழுந்துபோய்த் தாங்களே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, "இனி ஓர் அடிகூட நடக்காதே அம்மா" என்றார்கள். கட்டியின் துணுக்கு நுரையீரலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி, அந்த இரண்டு வரிக்காரர்.

உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை முழு அளவில் கொடுக்க, தட்டணு 50,000க்கு மேல் இருப்பதை மருத்துவர்கள் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். அன்றைய இயந்திர எண்ணிக்கை 38,000. பாதி அளவுதான் கொடுக்க முடியும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஆய்வகத்திலிருந்து நீங்கள் திருத்திய அறிக்கை வந்தது: "பெரும் தட்டணுக்கள், இயந்திரம் விட்டுவிட்டது, கையால் எண்ணியதில் 82,000. வெள்ளணுக்களுக்குள் நீலத் திட்டுகள்." இயந்திரம் அளவை வைத்துத்தான் எண்ணுகிறது. சிவப்பணு அளவுக்குப் பெருத்த தட்டணுவை அது தட்டணுவாகவே சேர்ப்பதில்லை. இத்தனை ஆண்டுகளாக என் இரத்தத்தில் பாதியை யாரும் எண்ணாமலே இருந்திருக்கிறார்கள்! இரவுப் பணியில், யாரும் கேட்காமல், கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தீற்றி நுண்ணோக்கியில் குனிந்தீர்களே, அதனால்தான் எனக்கு முழு அளவு ஊசி கிடைத்தது.

அந்த நீலத் திட்டுகளைப் பார்த்ததும் இரத்தவியல் மருத்துவர் கேட்ட கேள்வி, "உங்கள் வீட்டில் யாருக்காவது காது மந்தமா?" என்பது. அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. இயந்திர இரைச்சலில் வேலை பார்த்ததால் என்றே நினைத்திருந்தோம். 1909இல் மே என்ற மருத்துவரும் 1945இல் ஹெக்லின் என்ற மருத்துவரும் விவரித்த கோளாறு இது. எம்.ஒய்.எச்.9 என்ற மரபணுவில் வரும் பிழைதான் காரணம் என்று 2000ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. பெருத்த தட்டணுவோடு நிற்காமல் காது, சிறுநீரகம், கண் ஆகியவற்றையும் தொடக்கூடியது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா, ஊசி என்றாலே முகம் திருப்பிக்கொள்ளும் நீங்கள், மரபணுச் சோதனைக்கு என்றதும் கையை நீட்டினீர்கள். "என்னிடமிருந்து வந்ததா?" என்று இரண்டு முறை கேட்டீர்கள். ஆமாம் அப்பா, என் மூக்கும் உங்களிடமிருந்துதான் வந்தது.

வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்து நானே ஊசி போடவும், போட்ட இடத்தைத் தேய்க்காமல் இருக்கவும் கற்றுக்கொடுத்த செவிலியரே, மூன்று மாதம் காலையும் மாலையும் உங்கள் குரல்தான் காதில் ஒலித்தது.

இரத்தம் ஏன் உறைந்தது என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. தமனியில் உண்டாகும் கட்டியில் தட்டணு மிகுதி. சிரைக் கட்டியோ பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலையும் அதில் சிக்கிய சிவப்பணுக்களும்தான். ஆகவே தட்டணு குறைவு என்பது கவசம் ஆகாது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டவே முடியாத கிளான்ஸ்மன் நோயாளிகளுக்குக்கூடச் சிரையில் உறைவு வந்ததுண்டு. உறைவு வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றங்களான ஃபேக்டர் ஐந்து லைடன் மாற்றம், புரோத்ராம்பின் மாற்றம் இரண்டும் எனக்கு இல்லை. உறைவு புதிதாக இருக்கும்போது பார்த்தால் தவறான விடை வரும் என்று மூன்று மாதம் பொறுத்திருந்து எடுத்த, உறைவை இயல்பாகக் கட்டுப்படுத்தும் புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் அளவுகளும் சரியாகவே இருந்தன. உறைவுக்கு வழக்கமாகச் சொல்லும் அறுவை சிகிச்சை, நெடும்பயணம், நெடுநாள் படுக்கை எதுவும் இல்லை. இரத்தவியல் மருத்துவரே, நீங்கள் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம். "தெரியவில்லை" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு தாளை இரண்டாக மடித்து, மருந்தை நிறுத்தினால் வரக்கூடியதை ஒரு பக்கமும் தொடர்ந்தால் வரக்கூடியதை மறுபக்கமும் எழுதி என்னிடம் நீட்டினீர்கள். நான் தொடரும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.

ஆய்வக நண்பரே, அடுத்த மாதம் மறுபடி இரத்தம் கொடுக்க வருகிறேன். அறிக்கை வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தைத்தான் பார்ப்பேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் 82,000