எங்கள் யாத்திரை சபையின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் சுவாமிக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் பாகவதர்கள் எல்லோருக்கும் அடியேனின் நமஸ்காரம்.

வழக்கமான காரியங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவதிருப்பதி யாத்திரையும் மலைநாட்டுத் திவ்ய தேச யாத்திரையும் இந்த ஆண்டும் குறைவில்லாமல் நடந்தன. மார்கழித் திருப்பாவை வகுப்புக்குப் புதிதாகப் பிள்ளைகள் வந்தது சந்தோஷமான செய்தி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

மீதி நேரம் முழுவதையும் ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் பெருமாள் கோயில் யாத்திரையில், பொக்காராவிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள ஜோம்சோமுக்கு எப்படிப் போவது என்பதுதான் அது. சித்திரையில் போன கோஷ்டிக்கு அங்கே விமானம் ரத்தாகி, ஜீப்பில் போக நேர்ந்த சங்கடமும், திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதமும் எல்லோருக்கும் தெரியும். நேபாளத்தில் விமானங்கள் ஏன் விழுகின்றன என்பதைப் படித்து, பொதுக்குழுவில் சொல்லும்படி செயற்குழு என்னைக் கேட்டுக்கொண்டது. விசாரணைக் குழுக்கள் வெளியிட்ட முடிவுகளைத் தேடிப் படித்தேன். படித்ததையும், அதிலிருந்து எனக்குத் தோன்றியதையும் சொல்கிறேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2011 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. எவரெஸ்ட் சிகரத்தை வானிலிருந்தே பார்க்க காலையில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய புத்தா ஏர் விமானம், சிகரத்தைக் காட்டிவிட்டு இறங்க வரும்போது லலித்பூர் மாவட்டத்தில் கோட்டண்டா என்ற இடத்தில் குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த 19 பேரும் போய்விட்டார்கள். அவர்களில் இந்தியர் 10 பேர். அந்தப் பத்தில் எட்டுப் பேர் நம் திருச்சியைச் சேர்ந்த கட்டுமானத் துறையினர். அந்த வாரம் திருச்சி எப்படி இருந்தது என்பதை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டார்கள். விமானத்தில் கோளாறு இல்லை. மழைக்காலத்து மேகம் தாழ இறங்கியிருந்தது. பறக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே பறந்த விமானம் மேகத்துக்குள் நுழைந்தது. மேகத்துக்குப் பின்னால் குன்று இருந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அறிக்கைக்கு அறிக்கை இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், இறக்கையில் பழுது இருக்காது, விமானம் விமானியின் கைக்குள்தான் இருக்கும். எதிரே மலை இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. நேபாளத்து மேகங்களுக்குள் பாறை இருக்கும் என்று விமானிகளிடையே ஒரு பேச்சு உண்டாம்.

சரி, நம் வழிக்கு வருகிறேன். பொக்காரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜோம்சோம் 2,700 மீட்டருக்கு மேல். பறக்கும் நேரம் இருபது நிமிடம்தான். ஆனால் அந்த இருபது நிமிடமும் ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தவுளகிரி, இரண்டும் 8,000 மீட்டரைத் தாண்டிய மலைகள். நடுவில் காளி கண்டகி ஆறு வெட்டிப் போட்ட பள்ளம். இந்த வழியில் பல காலமாக ஓடும் ட்வின் ஓட்டர் போன்ற சிறு விமானத்தில் உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது. அதனால் அவ்வளவு உயரத்துக்கு ஏறி மலையைத் தாண்ட முடியாது, பள்ளத்துக்குள்ளேயே போக வேண்டும். விமானி கண்ணால் மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். பார்வை மறைந்தால் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் பள்ளத்தாக்கு குறுகிய இடத்தில் திரும்பவும் இடம் வேண்டுமே. முற்பகல் ஆக ஆக அந்தப் பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து காற்று எழும்பிப் பலமாக வீசும். ஆகவே விமானங்கள் எல்லாம் காலையிலேயே போய் வந்துவிடும். காலையில் போக முடியவில்லை என்றால் அன்றைக்குப் போக முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதே பொக்காரா–ஜோம்சோம் வழியில் பத்தாண்டுகளில் மூன்று பெரிய விபத்துகள். 2012 மே 14 அன்று அக்னி ஏர் நிறுவனத்தின் டோர்னியர் விமானம் ஜோம்சோமில் இறங்காமல் பொக்காராவுக்கே திரும்புவதாகச் சொல்லித் திரும்பும்போது மலைச்சரிவில் மோதியது. 21 பேரில் 15 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். 2016 பிப்ரவரி 24 அன்று தாரா ஏர் விமானம் மியாக்தி மாவட்டத்து மலையில் மோதி 23 பேரும் இறந்தார்கள். 2022 மே 29 அன்று அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம், கிளம்பிக் கால் மணி நேரத்துக்குள், முஸ்தாங் மாவட்டத்தில் சுமார் 14,500 அடி உயரத்தில் மோதி 22 பேரும் இறந்தார்கள். அவர்களில் நால்வர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர்.

நம் குழுவில் சிலர், "புது விமானமா, பழைய விமானமா என்று பார்த்து டிக்கெட் போட்டால் போதும்" என்று எழுதியிருந்தார்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் இந்த இரண்டு தாரா ஏர் விபத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022இல் விழுந்தது 1979இல் கட்டிய விமானம். 2016இல் விழுந்ததோ நேபாளத்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத புத்தம் புதிய விமானம். இரண்டும் ஒரே வழியில், ஒரே விதமாக, மேகத்துக்குள் போய் மலையில் மோதின. 2016இல், கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டிய விமானத்தை விமானி தெரிந்தே மேகத்துக்குள் செலுத்தினார் என்று விசாரணைக் குழு சொன்னது.

2022 விபத்தில் என்னை மிகவும் பாதித்த விஷயம் ஒன்று. தரை நெருங்கினால் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி அந்த விமானத்தில் இருந்தது. மலையில் மோதிய நேரத்தில் அது செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. இரண்டு பக்கமும் மலைச்சுவர் இருக்கும் பள்ளத்துக்குள் தினமும் போகும் விமானத்தில் அந்தக் கருவி தேவையில்லாத இடத்திலும் ஓயாமல் கத்தும். கத்திக் கத்தி அது காதில் விழாத சத்தமாகிவிடும், ஒரு நாள் கை தானாகவே விசையை அணைத்துவிடும். அந்த ஒரு காலையில் மட்டும் அது கத்தியிருக்க வேண்டும்.

எல்லா விபத்துக்கும் மலை காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஜனவரி 15 அன்று பொக்காராவில் யெத்தி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விமானம் விழுந்து 72 பேரும் இறந்தார்களே, அப்போது வானம் தெளிவாக இருந்தது. புது விமான நிலையம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த விமானத்தில் விமானிகள் இருவருக்கும் நடுவே, இறக்கையின் பின்மடிப்பை (ஃபிளாப்) இறக்கும் கைப்பிடியும், சுழலிகளை (ப்ரொபெல்லர்) அடக்கும் கைப்பிடிகளும் அருகருகே இருக்கின்றன. இறங்கும் நேரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று இழுக்கப்பட்டது. இழுத்தவர் யார் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மூத்த விமானி. எஞ்சின் ஓடுகிறது, சுழலிகளுக்கு இழுவை இல்லை. அது ஏன் என்று இருவருக்கும் கடைசிவரை பிடிபடவில்லை. எந்தப் பக்கத்து ஓடுபாதையில் இறங்குவது என்பது அப்போதுதான் மாற்றப்பட்டிருந்தது. புது நிலையம், நெருக்கமான திருப்பம், கைநிறைய வேலை. அனுபவசாலியின் கையும் அப்படி ஒரு நேரத்தில் தவறுகிறது.

2024 ஜூலை 24 அன்று காத்மாண்டுவில் சௌர்யா ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியதுமே விழுந்து 18 பேர் இறந்ததில், விமானம் மேலெழும் வேகத்தைக் கணக்கிட்ட அட்டையிலேயே தவறு. 1992 செப்டம்பரில் காத்மாண்டுவுக்கு வந்த பாகிஸ்தான் விமானம், படிப்படியாக இறங்க வேண்டிய பாதையில் ஒவ்வொரு படியையும் ஒரு படி முன்னதாகவே இறங்கி, 167 பேரோடு மலையில் மோதியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு தாய்லாந்து விமானம் ஒன்று தெற்கே போவதாக எண்ணி வடக்கே போய் 113 பேரோடு மறைந்தது. சமவெளியில் இதே தவறுகளில் சிலவற்றைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைத்திருக்கும். மலைநாட்டில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. மலையின் பங்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். நேபாள விமானங்கள் எதுவும் தங்கள் வானில் பறக்கக் கூடாது என்று 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. நேபாளத்தில் விமான நிலையங்களை நடத்துவதும், விமானப் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் ஒரே ஆணையம். இரண்டையும் பிரிக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாக வற்புறுத்துகிறார்கள். நம் கையில் இல்லாத விஷயம், அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. சித்திரையில் பொக்காராவில் நடந்ததை, வராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையிலேயே எல்லோரும் விமான நிலையத்தில் காத்திருந்தோம். தாமதம் என்றார்கள், மறுபடியும் தாமதம் என்றார்கள், கடைசியில் ரத்து என்றார்கள். உடனே கவுண்டரைச் சுற்றிக் கூட்டம். "கோரக்பூரில் எங்களுக்கு ரயில் இருக்கு, நாளைக்குத் தரிசனம் முடியலேன்னா எல்லாமே போச்சு, வானம் நல்லாத்தானே இருக்கு" என்று ஆளாளுக்குக் குரல் உயர்ந்தது. கவுண்டரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவன் சத்தம் போடவில்லை. தன் போனில் ஜோம்சோமிலிருந்து வந்த வீடியோவைத் திறந்து ஒவ்வொருவரிடமாகக் காட்டினான். ஓடுபாதை ஓரத்தில் காற்றுத் திசை காட்டும் துணிப்பை கம்பு மாதிரி விறைத்து நின்றது. தூசி ஓடுபாதை நெடுகப் பறந்தது. அதைப் பார்த்த பிறகும் ஒரு மாமா, "வேற கம்பெனி போகுதான்னு கேளுங்கோ" என்றார்.

அந்த மாமாமீது எனக்குக் குறை இல்லை. வாழ்நாளில் ஒருமுறை சாளக்கிராமத்துப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று சேமித்த பணத்தில் வந்தவர். குறை நாம் போட்ட பயணத்திட்டத்தில் இருக்கிறது. ஒரு நாள்கூட உபரி வைக்காமல், போகவும் வரவும் ரயிலைப் பிடித்துவைத்து, நடுவில் ஒரு மலை விமானத்தைச் செருகுகிறோம். ஒவ்வொரு நாளும் இப்படி எத்தனை கோஷ்டிகள் அந்தக் கவுண்டரில் நிற்கும்? அந்த நெருக்கடி கவுண்டரிலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து விமானிக்கும் போய்ச் சேராமல் இருக்குமா? "போய்த்தான் பார்ப்போமே" என்று ஒரு விமானி மேகத்தின் விளிம்பில் நினைப்பதில் பயணிகளின் அவசரத்துக்கும் பங்கு உண்டு என்பது என் திடமான அபிப்பிராயம்.

மறுநாள் காலை விமானங்கள் ஒழுங்காகப் போயின, நாம் ஜீப்பில் போனது வீண் என்று சிலர் எழுதினார்கள். மறுநாள் போனதுதான் என் வாதமே. ஒரு நாள் கையில் இருந்திருந்தால் நாமும் போயிருப்போம். ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் முழுசாகத் திரும்பி வரவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சாலை வழி பாதுகாப்பு என்று நினைக்கவும் வேண்டாம். 2024 ஜூலையில் சித்வன் அருகே மண் சரிந்து இரண்டு பேருந்துகள் திரிசூலி ஆற்றில் போயின. அடுத்த மாதமே தனஹுன் மாவட்டத்தில் மகாராஷ்டிர யாத்ரீகர்கள் சென்ற பேருந்து மர்சியாங்தி ஆற்றங்கரையில் கவிழ்ந்து 27 பேர் இறந்தார்கள். பேனி, தாதோபானி, காசா என்று ஜோம்சோம்வரை ஏறும் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. முதுகும் முழங்காலும் படும் பாடு போய் வந்தவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அந்த வழியே வேண்டாம்.

ஆகவே செயற்குழு பரிசீலித்து ஏற்றவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். முக்திநாத் யாத்திரை இனி ஐப்பசியிலோ சித்திரையிலோ மட்டும். பொக்காராவில் ஒரு நாளும் ஜோம்சோமில் ஒரு நாளும் உபரி. அதற்கான அறை வாடகையும் சாப்பாடும் கட்டணத்திலேயே சேரும், தொகை கூடத்தான் செய்யும். காலையின் முதல் விமானத்துக்கே டிக்கெட். ரத்து என்றால் கவுண்டரில் பேசுவது யாத்திரைப் பொறுப்பாளர் ஒருவர் மட்டுமே. அவரும் எப்போது கிளம்பும் என்று கேட்கலாம், கிளப்பச் சொல்லிக் கேட்கக் கூடாது. உபரி நாளும் போனால் பகல் வெளிச்சத்தில் மட்டும் ஜீப், இரவுப் பயணம் கிடையாது. அதுவும் முடியாவிட்டால் பொக்காராவிலிருந்தே திரும்புவது என்பதை ஒவ்வொருவரும் முன்பணம் கட்டும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், ஹெலிகாப்டரில் ஒரே நாளில் போய்த் திரும்பும் ஏற்பாட்டைச் சபை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. மேகமும் காற்றும் ஹெலிகாப்டருக்கும் உண்டு. அதோடு, வயதானவர்களை ஒரே மூச்சில் முக்திநாத் இருக்கும் 3,700 மீட்டருக்குக் கொண்டுபோய் இறக்குவது உடம்புக்கு ஆகாது என்று நம் சபை டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

உபரி நாள் பற்றிய தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிபவர் எழுந்து பெயர் சொல்லவும். ஐப்பசி யாத்திரைக்குப் பெயர் கொடுத்தவர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை நகலை என்னிடம் கொடுக்கவும். ஆதார் அட்டை மட்டும் போதாது. வாக்கெடுப்பு முடிந்ததும் பொருளாளர் கணக்கு வாசிப்பார்.

தாசன்,
செயலாளர்