வன்னியின் கராஜ்காரர்களுக்கு: அளக்காமல் எத்தனோல் ஊற்றாதீர்கள்

வவுனியா முதல் பரந்தன் வரையும், அங்கிருந்து புதுக்குடியிருப்பு, பூநகரி வரையும் வாகனம் திருத்திப் பிழைக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

அண்மைக் காலமாகப் புதிய வேலை ஒன்று நம் கராஜ் வாசலுக்கு வருகிறது. டர்போ பூட்டிய பழைய ஸ்டார்லெட்டையோ இம்ப்ரெசாவையோ கொண்டுவந்து நிறுத்தி, "இதை எத்தனோலுக்கு மாற்றித் தருவீர்களா?" என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். கனடாவிலிருந்து மாமா அனுப்பிய, எரிபொருளைப் பீச்சும் பெரிய இன்ஜெக்டர்களும் பம்பும் பெட்டி பிரிக்காமலே பின் இருக்கையில் கிடக்கின்றன. நம்மில் சிலர் யோசிக்காமல் தலையாட்டிவிடுகிறோம். "மண்ணெண்ணெயிலேயே ஓட்டிய ஊர், எத்தனோல் எம்மாத்திரம்!" என்ற வீரப்பேச்சு வேறு. அந்தப் பேச்சை மறுக்கத்தான் இந்த மடல்.

மண்ணெண்ணெய்க் காலத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்தைப் போல அரிதாக இருந்தபோது, கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய கைகள் இவை. ஆனால் அந்த எஞ்சின்கள் எப்படிப்பட்டவை? ஆஸ்டின் ஏ40 காரின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்று-எரிபொருள் கலவை நெருக்கப்படும் மடங்கு, ஏழுக்குச் சற்றே மேல். மண்ணெண்ணெயின் தாழ்ந்த ஒக்டேனை (தானாக வெடிக்காமல் அமுக்கத்தைத் தாங்கும் அளவை) அது பொறுத்துக்கொண்டதற்கு அந்த மென்மையான அமுக்கமே காரணம். கலவை பிழைத்தால் புகை கக்கும், இழுக்க மறுக்கும், கண் எரியும். திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் சமாளிக்கும். பிழையைத் திருத்த நமக்கு நேரம் இருந்தது.

டர்போ எஞ்சின் அந்த நேரத்தைத் தராது. டர்போ காற்றை அடைத்துத் தள்ளும் வேளையில் எரிபொருள் போதாமல் போனால், புகையும் வராது, இழுவையும் குறையாது. சில வேளை இழுவை கூடியதுபோலக்கூடத் தோன்றும். உள்ளே வெப்பம் ஏறி, தட்டல் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) தொடங்கி, பிஸ்டனின் வளையத் தாங்கு வெடித்துவிடும், அல்லது தலை உருகித் துளை விழுந்துவிடும். கிளிநொச்சியில் புறப்பட்டவர் இயக்கச்சி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும்.

எத்தனோல் கெட்ட எரிபொருள் என்று நான் சொல்லவில்லை. டர்போ எஞ்சினுக்கு அதைப் போல ஒத்துப்போகும் எரிபொருள் அரிது. நமது நிலையங்களில் கிடைப்பது ஒக்டேன் 92, தப்பினால் 95. எத்தனோலின் ஒக்டேன் 108 அளவில் நிற்கிறது. ஆவியாகும்போது ஒரு கிலோ எத்தனோல் உறிஞ்சும் வெப்பம் பெற்றோலைப்போல் இரண்டரை மடங்கு. உள்ளே போகும் காற்றே குளிர்ந்துவிடுவதால் தட்டல் பின்வாங்குகிறது. டர்போ அழுத்தத்தைக் கூட்டலாம், தீப்பொறி விழும் நேரத்தை முன்னுக்குத் தள்ளலாம். அமெரிக்காவின் இன்டிகார் பந்தயக் கார்கள் 2007 இல் எத்தனோலுக்கு மாறின. பிரேசில் 1975 இல் எத்தனோல் திட்டத்தைத் தொடங்கி, 1979 இல் பியட் 147 காரை முழு எத்தனோலில் ஓடவிட்டது. அங்கெல்லாம் எஞ்சின் மட்டும் மாறவில்லை. தரம் எழுதி ஒட்டிய எரிபொருள் நிலையங்களும் கூடவே வந்தன.

பிள்ளைகள் இன்னொன்றும் சொல்வார்கள்: "இந்தியாவில் எல்லாப் பெற்றோலிலும் எத்தனோல்தானே, அண்ணா?" அது 20 வீதம். இவர்கள் கேட்பது 85 வீதம். இரண்டும் வேறு வேறு வேலை.

கணக்கைப் பார்ப்போம். பெற்றோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். 85 வீத எத்தனோல் கலவைக்கு 9.8 போதும். அதாவது, அதே காற்றுக்கு லீற்றர் கணக்கில் ஏறத்தாழ 40 வீதம் கூடுதல் எரிபொருள் போக வேண்டும். பழைய இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்திருந்தாலும் போதாது. மாமா அனுப்பிய பெரிய இன்ஜெக்டர் அதற்குத்தான். அதைப் பூட்டிவிட்டு எஞ்சினை ஆளும் பழைய கணினியை அப்படியே விட்டால் தொடக்கத்திலேயே மூச்சுத் திணறும். எரிபொருள் அட்டவணையையும் தீப்பொறி அட்டவணையையும் புதிதாக எழுத வேண்டும். எழுதும்போது, புகையை அளந்து காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஒட்சிசன் மீற்றர் புகைபோக்கியில் இருக்க வேண்டும். அது இல்லாமல் காதால் கேட்டு, பிளக்கின் நிறம் பார்த்துச் சரிசெய்கிறேன் என்பவர் பிறத்தியார் காசில் சூதாடுகிறார். புறப்படுமுன் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது நல்லது, நானும் உடைக்கிறேன். காற்று-எரிபொருள் விகிதத்தையும் அவர் தலையில் போடுவது நியாயமில்லை.

இனி, பீப்பாய்க்குள் இருப்பது என்ன? என் கோபம் இங்கேதான்.

செவனகல, பெல்வத்தை ஆலைகளில் சீனிக் கழிவுப்பாகிலிருந்து எத்தனோல் எடுக்கிறார்கள். அது மதுபானத் தொழிலுக்குப் போகிறது. 2020 தொடக்கத்தில் இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. அப்படியானால் வன்னியில் ஒருவர் கலனில் கொண்டுவரும் "எத்தனோல்" எங்கிருந்து வருகிறது? ஒன்று, கைகழுவும் கிருமிநீக்கி. அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. மற்றது, எல்லோருக்கும் தெரிந்த கசிப்பு எனும் கள்ளச் சாராயம். சாதாரணக் காய்ச்சி வடிப்பில் எத்தனை தரம் வடித்தாலும் எடையில் 95.6 வீதத்துக்கு மேல் ஏறாது. மிச்சம் தண்ணீர்தான். அதையும் எட்டப் பெரிய கோபுரம் வேண்டும். குசினிப் பின்புறத்துப் பானையில் வருவது அதற்கு எவ்வளவோ கீழே, புளிப்பு அமிலமும் சேர்த்து. இந்தத் தண்ணீர்ச் சாராயத்தைப் பெற்றோலோடு கலந்து தாங்கியில் விட்டால், கலவை பிரிந்து கனமான பகுதி அடியில் இறங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். குடும்பங்களைக் குலைக்கிற ஒரு தொழிலுக்கு நாமும் வாடிக்கையாளராவது எவ்வளவு கேடு என்பதை விளக்கவே தேவையில்லை.

சோதிக்கும் வழி எளிது. பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் 100 மில்லிலீற்றர் அளவுக் குழாய் ஒன்றை எடுங்கள். 50 வரை தண்ணீர், அதன் மேல் 50 அளவு எரிபொருள். மூடிக் குலுக்கி, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். முதலில் பால்போலக் கலங்கும். பின் கீழே தெளிவான நீர்ப்படையும் மேலே மஞ்சள் பெற்றோலும் பிரியும். எத்தனோல் முழுவதும் தண்ணீரோடு போய்விடுவதால் கீழ்ப்படை உயர்ந்திருக்கும். 50 ஐத் தாண்டி எழுந்த அளவை இரண்டால் பெருக்கினால் எத்தனோல் வீதம், சற்றுக் குறைவாகவே காட்டும். இதில் ஒரு பொறி உண்டு: எரிபொருளில் ஏற்கெனவே இருந்த தண்ணீரையும் இந்தக் குழாய் எத்தனோல் என்றே எண்ணும். எனவே பெற்றோலோடு கலக்குமுன், தனி எத்தனோலை அடர்த்திமானியால் அளக்க வேண்டும். 20 பாகை செல்சியசில் தூய எத்தனோல் 0.789 காட்டும். நம் வெயிலில் அளந்தால் வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். எண் கூடினால் தண்ணீர் கூடுகிறது.

எல்லாம் சரியாகவே செய்தீர்கள் என்று வைப்போம். கார் கொழும்புக்குப் போகிறது, வழியில் எத்தனோல் தீர்கிறது. ஏ9 வீதியில் அதை ஊற்றித் தர எந்த நிலையமும் இல்லை. பிள்ளை 92 ஐ நிரப்புவான். எத்தனோலுக்காக முன்தள்ளிய தீப்பொறியில் 92 எரிந்தால் தட்டல் நிச்சயம். ஆகவே தாங்கியில் என்ன வீதம் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் ஃப்ளெக்ஸ் சென்சர் இல்லாமல் எந்தக் காரையும் வெளியே விடாதீர்கள். குறைந்தபட்சம் பெற்றோலுக்கென்று தனி அட்டவணையாவது வேண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் குறியீட்டைக் காட்டி வரிசையில் நின்றோம். மாற்று எரிபொருள் மேல் நமக்கு ஆசை வருவது இயல்பே. இந்த மாற்றத்தில் செலவு குறையாது, 40 வீதம் கூடுதலாகக் குடிக்கும் என்பதைக் கார்க்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சில்லறை விடயங்கள்: முப்பது வருட இறப்பர்க் குழாய்களைக் கழற்றி எறியுங்கள். பழைய தாங்கியின் அழுக்கை எத்தனோல் கரைத்துக் கொண்டுவரும், வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெயும் வழமையைவிட முன்கூட்டியே. தூய எத்தனோலின் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரிவதே அரிது, வெல்டிங் மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். குளிரில் உயிர்க்காது என்று வெளிநாட்டார் அழுவதை மட்டும் நாம் விட்டுவிடலாம், மார்கழியிலும் நமக்கு அந்தக் கவலை இல்லை.

மாடும் யானையும் குறுக்கே வரும் வீதியில் அந்த வேகம் எதற்கு என்று நான் கேட்டால் கிழவன் பேச்சு என்பார்கள். கேட்கத்தான் செய்கிறேன்.

அளக்க முடியாத கராஜ் இந்த வேலையை ஏற்க வேண்டாம். வைட்பேண்ட் மீற்றர் ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை; நாலைந்து கராஜ்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம். அளவுக் குழாயும் அடர்த்திமானியும் அதோடு ஒரே பெட்டியில் போகட்டும். சேர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், என் பங்குப் பணத்தை முதலில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் கராஜ் நடத்தும் உங்களில் ஒருவன்