செவலைப் பூச்சை

தக்கலை,
ஞாயிறு இரவு

மக்கா ஜோசப்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவன் இன்று எழுதுகிறான் என்றால் காரியம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அந்த ஐம்பது ரூபாய்க்காக இல்லை, பயப்படாதே. அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். மழையில் ரப்பர் வெட்டும் இல்லை.

விஷயம் அண்ணனின் பூச்சை. பூனையிலிருந்து வரும் ஒட்டுண்ணிதான் மனச்சிதைவுக்குக் காரணம் என்று அத்தானுக்கு வாட்ஸப்பில் ஏதோ வந்தது. மறுநாளே அதைச் சாக்கில் கட்டி, குளச்சல் மீன் சந்தையில் விட்டுவிட்டு வந்தார். சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். விலங்கியலில் என்னைப் பார்த்து எழுதித் தேறிய உனக்கு மறந்திருக்கும். அந்த ஒட்டுண்ணியின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா கோண்டி. சங்கதி முழுப் பொய்யும் இல்லை. இது தொற்றிய எலிக்குப் பூனை வாடையில் பயம் போய்விடுகிறது என்று 2000இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டார்கள். 2003இல் ஃபுல்லர் டோரி, ராபர்ட் யோல்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மனச்சிதைவோடு சேர்த்து எழுதினார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள், அதாவது தொற்றை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது, மற்றவர்களைவிட அதிகம் தென்படுகிறதாம். ஆனால் இதுதான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. உலகில் மூன்றில் ஒருவர் உடம்பில் இது இருக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. வேகாத இறைச்சியிலும் வரும். பூனையும் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவை, சில வாரம்தான் இதை மலத்தில் வெளியேற்றும். அந்த மலமும் ஒரு நாளாவது கிடந்தால்தான் தொற்றும். தினமும் அள்ளிப் போட்டுக் கையைக் கழுவினால் போதுமாம்.

சரி, அதெல்லாம் போகட்டும். அண்ணனுக்கு மனச்சிதைவு வந்து பத்தொன்பது வருடம். செவலைக்கு வயது நாலு! சாக்கைப் பிடிக்கும்போது இந்தக் கணக்கு எனக்கு ஓடவில்லையே மக்கா.

அண்ணன் எதுவும் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. மத்தியானம் சாளைத் தலையைப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைக்கிறான். கை காய்ந்த பிறகும் எழுந்திருப்பதில்லை.

நீ சந்தைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறாய். காலையில் மீன் வரும் நேரம் ஒரு எட்டு போய்ப் பார். இடது காது நுனி கிழிந்திருக்கும், வால் முனை வெள்ளை. சும்மா கூப்பிட்டால் வராது. அண்ணன் அதை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவான். நீ சந்தையில் சத்தமாகக் கூப்பிட்டு அடி வாங்காதே. கிடைத்தால் உடனே போன் பண்ணு. அத்தானிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன்,
முருகன்