மெதுமெதுப்பு மட்டும் போதாது: பொதி கட்டும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுப் பொருள்களை இடம் மாற்றித் தரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அண்மையில் நான் வீடு மாறியபோது, பழைய தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புத் தலைப்பகுதியை உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தார் மெத்தைக்குப் போடும் ஃபோமில் நான்கு சுற்றுச் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தார்கள். தொட்டால் மெதுமெதுவென்று இருந்ததால் நானும் கவலையின்றி இருந்துவிட்டேன். பெட்டியைப் பிரித்தபோது அடியிலிருந்த ஃபோம் தாளாகத் தட்டையாகியிருந்தது; கைச்சக்கரத்தில் விரல்நீள விரிசல். "இவ்வளவு சுற்றியும் உடைந்துவிட்டதே" என்று கட்டியவர் மெய்யாகவே வருந்தினார். அவர் ஃபோமில் கஞ்சத்தனம் காட்டவில்லை, தவறான வகையைத் தேர்ந்துவிட்டார்.

ஃபோம் தான் நசுங்கித்தான் பொருளைக் காக்கிறது. மிக மென்மையான ஃபோம் கனமான பொருளின் கீழ் முழுவதும் நசுங்கிவிடுவதால் பொருள் பெட்டியின் அடியிலேயே மோதுகிறது. மிகக் கெட்டியான ஃபோமோ இலேசான பொருளுக்கு நசுங்கிக்கொடுக்காமல் அதிர்ச்சியை அப்படியே கடத்திவிடுகிறது. ஆகவே பார்க்க வேண்டியது, ஒரு சதுர சென்டிமீட்டர் ஃபோமின் மேல் எவ்வளவு எடை உட்காருகிறது என்பதை. 20 கிலோ பொருள் 40-க்கு 50 சென்டிமீட்டர் அடிப்பரப்பு முழுவதிலும் அமர்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம்தான். அதையே 5-க்கு 5 சென்டிமீட்டர் அளவுள்ள நான்கு மூலைத்துண்டுகளின் மேல் நிறுத்தினால் 200 கிராம் ஆகிவிடும். மூலைக்கு மூலை ஒரே ஃபோமை வெட்டிச் செருகும் வழக்கம் இந்தக் கணக்கில்தான் தோற்கிறது. எந்த அடர்த்தி எத்தனை எடைக்குப் பொருந்தும் என்பதற்கு ஃபோம் தயாரிப்பாளர்களிடமே வரைபடங்கள் இருக்கின்றன. கேட்டு வாங்கிக் கிடங்கில் ஒட்டிவைக்கலாமே.

தெர்மாகோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பகுதி காற்றாலான அது முதல் அடியை நன்றாகவே தாங்கும், ஆனால் நசுங்கிய இடம் மீண்டு எழாது. பலமுறை ஏற்றி இறக்கப்படும் பெட்டிக்கு, அழுத்தம் நீங்கியதும் பெரிதும் பழைய தடிமனுக்குத் திரும்பும் பாலிஎத்திலீன் ஃபோமே ஏற்றது. பி.வி.சி. உறையிட்ட மின்கம்பியைத் தெர்மாகோலோடு சேர்த்து மாதக்கணக்கில் கட்டிவைத்தால், கம்பியின் உறையை நெகிழ்த்தும் வேதிப்பொருள் கசிந்து தெர்மாகோலைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும்; என் பழைய வானொலிப்பெட்டியின் கம்பியிலிருந்து அதைச் சுரண்டியெடுக்க ஒரு மாலைப்பொழுதே போயிற்று. மின்னணுச் சாதனங்களின் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகைகளுக்கு நிலைமின்னூட்டம், அதாவது உரசலில் சேரும் மின்சாரம், சேராத ஃபோம்தான் வேண்டும்; அது அவற்றைக் கெடுத்துவிடக்கூடும். உடையில் ஒட்டிக்கொண்டு உதற உதற விழாத தெர்மாகோல் மணிகளைப் பார்த்தவர்களுக்கு, தெர்மாகோலில் அது எவ்வளவு சேரும் என்பது புரியும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. விலைப்பட்டியலில் "ஃபோம் பேக்கிங்" என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடாமல், எந்தப் பொருளுக்கு எந்த வகை ஃபோம், எத்தனை மில்லிமீட்டர் கனம், என்ன அடர்த்தி என்று எழுதித் தாருங்கள். முன்பே ஒருமுறை பள்ளம் விழுந்த தெர்மாகோலை அடுத்தவர் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
விரிசல் விட்ட கைச்சக்கரத்தை இன்னும் எறியாமல் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர்