'டேக் ஃபைவ்': டிரம்ஸையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் குழுவின் 1959 ஆல்பமான 'டைம் அவுட்' பற்றிய உங்கள் கட்டுரையில், அதில் உள்ள 'டேக் ஃபைவ்' என்ற இசைத்துண்டின் பெருமை முழுவதும் புரூபெக்குக்கே போயிருக்கிறது. அதை இயற்றியவர் சாக்ஸஃபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். அதன் தாளத்தில் ஐந்து எண்ணிக்கை மூன்று, இரண்டு என்று பிரியும். நம் கர்நாடக இசையின் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு இரண்டு, மூன்று. மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த மாற்றமே பெரிய ருசி.

ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வரும்போது பியானோ ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கேட்டால், மொரெல்லோ எங்கெல்லாம் அடிக்காமல் விடுகிறார் என்பது புரியும். எவ்வளவு தைரியம்!

அப்புறம், செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். யூஜின் ரைட் வாசிக்கும் பாஸ் என்ற தாழ்ந்த சுரத் தந்தி வாத்தியம் காணாமல் போய்விடும்.

- மிருதங்க ஆசிரியர், கும்பகோணம்