என்னை யாரும் தின்னவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பிரெஞ்சுப் பாடத்தில் 'நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'ழெ சுயி மான்ழே' என்று போட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னால் என்னை யாரோ தின்கிறார்கள் என்று பொருள். பாரிஸில் விலைவாசி மோசம்தான், ஆனால் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஈட்டிங்' என்பதில் 'ஆம்' (am) இருக்கிறதே என்று இங்கேயும் 'சுயி'யைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார் போலும் உங்கள் கட்டுரையாளர். பிரெஞ்சில் நிகழ்காலம் ஒன்றுதான் என்பது தாங்கள் அறியாததல்ல. தினமும் சாப்பிட்டாலும் 'ழெ மான்ழ்', இப்போது வாயில் சோறு இருந்தாலும் 'ழெ மான்ழ்'. நம் 'சாப்பிடுகிறேன்' மாதிரியே. 'நாளைக்குப் போகிறேன்' என்கிறோமே, அதுவும் அங்கே செல்லும். இந்த நிமிடம் என்று அழுத்திச் சொல்லத்தான் 'ஆன் த்ரேன் த' இருக்கிறது. தமிழிலிருந்து நேர்வழி இருக்க, வாசகரை ஏன் லண்டன் சுற்றிப் பாரிஸுக்குக் கூட்டிப்போகிறீர்கள்?

அந்தச் சுற்றுவழியில் போய் நான் பட்டது போதும். குடியுரிமை நேர்முகத்தில், 20 வருடமாக இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஆங்கில வழியில் படித்த புத்தி, 'ழே அபிதே' என்று ஆரம்பித்துவிட்டேன்; 'இருந்தேன்' என்று முடிந்துபோன கதையாகிவிட்டது. அதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "சரி மதாம், இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்றார். 'ழாபித் இஸி தபுயி வேன்தான்' என்றிருந்தால் முடிந்தது. நாம் 'இருக்கிறேன்' என்பதைப் போல அவர்களும் நிகழ்காலத்தில்தான் சொல்வார்கள். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இது முதல் பிழையும் அல்ல. முன்பு ஒருமுறை 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு 'இல் பார்லென்ட்' என்று உச்சரிப்பு கொடுத்தீர்கள். எழுதும்போது வரும் அந்த வால் வாயில் வராது. நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் காதில் விழுவது ஒரே 'பார்ல்'தான். எங்கள் மாடியில் இருக்கும் அக்கா உங்கள் 'பார்லென்ட்'டை மனப்பாடம் செய்து பாண் கடையில் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் 'நாம் சாப்பிடுகிறோம்' என்பதற்கு 'நூ மான்ழோன்' எழுதும்போது நடுவில் நிற்க வேண்டிய 'e' எழுத்தை விட்டுவிட்டீர்கள். அது இல்லாவிட்டால் 'மான்கோன்' என்றல்லவா ஆகும்! இரண்டுக்கும் கடிதம் போட்டேன், பதில் இல்லை. ராசிபலனில் மட்டும் ஒரு எழுத்துகூடப் பிசகுவதில்லை.

2026 ஜனவரி முதல் பத்து வருட வதிவிட அட்டைக்குப் பிரெஞ்சு மொழியில் பி1, குடியுரிமைக்கு அதற்கும் மேலான பி2 தரம் கேட்கிறார்கள். சமையல் வேலை முடித்து இரவு பதினொரு மணிக்கு வந்து உங்கள் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஐயா.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், 'ழெ மான்ழ்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
பாரிஸ் புறநகரிலிருந்து ஒரு வாசகி